மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள் எடுக்கப் போறீங்களா? மொதல்ல தோட்டாவ முடிவு பண்ணுங்க

புது நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் கூட வேலை பாக்குறவங்க யாராவது சீசனுக்கு மான் வேட்டைக்கு வர்றியான்னு கூப்பிடுவாங்க, நமக்கும் ஆசையா இருக்கும், ஆனா நம்மள்ல முக்காவாசி பேரு துப்பாக்கிய கையால தொட்டதே கிடையாது. கடைக்குள்ள போனா .243, .270, .308, .30-06ன்னு சுவர் பூரா டப்பாவா அடுக்கியிருக்கும், தலையே சுத்திரும். உங்க விசாவுக்கு துப்பாக்கி லைசன்ஸ் குடுப்பாங்களான்னு மொதல்ல கேட்டுக்குங்க, பாதுகாப்பு கோர்ஸ், வேட்டை பெர்மிட் எல்லாம் கையில வந்தப்புறம்தான் இந்தப் பேச்சு.

அந்த நம்பர்கள பாத்து பயப்படாதீங்க, அதுக்கு ஒரே மாதிரி விதின்னு ஒண்ணும் கிடையாது. .308ங்கறது புல்லட்டோட, அதாவது தோட்டா முனையில இருந்து பறந்து போற குண்டோட விட்டம், அங்குலத்துல. .30-06லயும் அதே .308 அங்குல புல்லட்தான், 06ங்கறது 1906ங்கற வருசம். .270ன்னு பேரு, ஆனா புல்லட் .277 அங்குலம். அதனால நம்பர் பெருசா இருந்தா பவர் ஜாஸ்தின்னு நெனச்சிராதீங்க. கிரெயின்ங்கறது ஒரு சின்ன எடை அளவு, டப்பாவுல 150 கிரெயின்னு போட்டிருந்தா அது புல்லட்டோட எடை, சுமார் 9.7 கிராம், உள்ள இருக்கற வெடிமருந்தோட எடை இல்ல.

நான் பண்ண தப்ப சொல்றேன். பெரிய தோட்டாவா இருந்தா மான் நின்ன எடத்துலயே விழும்னு ஒரு கடையில சொன்னாங்க, அத நம்பி ஒரு மேக்னம் ரைஃபிள, அதாவது வெடிமருந்து ஜாஸ்தி இருக்கற தோட்டா போடறத, எடுத்தேன், ஒவ்வொரு வெடிக்கும் தோள்ல அப்படி ஒரு உதை, ரெண்டு டப்பா சுட்டதுக்கப்புறம் ட்ரிகர தொடும்போதே கண்ணு தானா மூடிக்க ஆரம்பிச்சுது, அந்தப் பழக்கத்தோடயே காட்டுக்கும் போய்ட்டேன். குண்டு நெஞ்சுல படாம வயித்துல பட்டு மான் ஓடிருச்சு. இருட்டுற வரைக்கும் ரத்தத் தடம் பாத்துக்கிட்டே போனோம், மறுநாள் காலையிலதான் கிடைச்சுது. அது ராத்திரி பூரா என்ன பாடு பட்டிருக்கும்னு இன்னைக்கும் மனசு அறுக்குது. நீங்க யாரும் அத பண்ணக்கூடாதுன்னுதான் இவ்வளவு சொல்றேன்.

நடுத்தர சைஸ் மானுக்கு இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம்தான். அதுக்குள்ள குண்டு விழுந்தா சாதாரண தோட்டாவே தாராளம், வெளிய விழுந்தா எந்த மேக்னமும் காப்பாத்தாது. அதனால உதை கம்மியா இருக்கறத எடுங்க, அப்பதான் பயமில்லாம நெறைய சுட்டுப் பழகுவீங்க. 1955ல வந்த .243 வின்செஸ்டர், .308ஓட கேஸையே (மருந்து இருக்கற உலோகக் கூடு) கழுத்த சுருக்கி செஞ்சது, அதோட உதை .30-06ல கிட்டத்தட்ட பாதிதான், சின்ன, நடுத்தர மானுக்கு 100 கிரெயின் புல்லட் அருமையா வேலை செய்யும். 7எம்எம்-08ம், 2007ல வந்த 6.5 கிரீட்மூரும் இன்னும் கொஞ்சம் கனமான புல்லட்ட எடுத்துக்கும், உதையும் தாங்கற அளவுதான். என்னைய ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா .308 வின்செஸ்டர்தான் சொல்வேன், எங்க போனாலும் தோட்டா கிடைக்கும், பெரிய மானுக்கும் போதும். .30-06 நல்லதுதான், ஆனா 150 கிரெயின்ல ரெண்டுக்கும் வேகத்துல நொடிக்கு 30 மீட்டர் அளவுதான் வித்தியாசம், அந்த 30 மீட்டருக்காக கூடுதல் உதைய ஏன் வாங்கணும்? .223 பல இடங்கள்ல மானுக்கு சட்டப்படியே கூடாது, குறைஞ்ச காலிபர், அதாவது புல்லட்டோட விட்டம், எவ்வளவுன்னு உங்க ஏரியா ரூல பாருங்க.

காலிபரவிட முக்கியம் புல்லட் எந்த வகைங்கறது. முழு மெட்டல் ஜாக்கெட் (சுத்தி உலோக உறை) போட்டது சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு மட்டும்தான், மான் உடம்புல ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போயிரும், மான் ஓடி எங்கயோ போய் மெதுவா சாகும். சாஃப்ட் பாயிண்ட் மாதிரி உள்ள போனதும் காளான் மாதிரி விரியற புல்லட்தான் வேணும். ஈயம் சின்னத் துகளா உடைஞ்சு கறியில கலக்கும், வீட்ல குழந்தைங்களோ கர்ப்பிணிகளோ இருந்தா தாமிர புல்லட்டுக்கு மாறிடுங்க, சில இடங்கள்ல சட்டமே அப்படித்தான். தாமிரம் ஈயத்தவிட லேசு, அதனால ஒரு படி குறைஞ்ச எடையில எடுக்கலாம்.

பேரல்ல (துப்பாக்கிக் குழல்ல) என்ன பொறிச்சிருக்கோ அதே பேருதான் தோட்டாவோட அடியிலயும் இருக்கணும், நுழையுதேன்னு வேற எதையும் போட்றாதீங்க, துப்பாக்கியே வெடிச்சிரும். மூணு நாலு வகை டப்பா வாங்கி எதோட குண்டுங்க உங்க ரைஃபிள்ல ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா விழுதுன்னு பாத்து, அதையே நெறைய வாங்கி, ஸ்கோப்ப (குறி பாக்குற தொலைநோக்கி) அதுக்கு ஜீரோ பண்ணுங்க, அதாவது குறி வச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி சரி பண்ணுங்க. எடையோ பிராண்டோ மாறுனா மறுபடியும் ஜீரோ பண்ணணும். மேசையில வச்சு மட்டும் சுடாம உக்காந்து, மண்டி போட்டு சுட்டுப் பாருங்க, அப்படி எவ்வளவு தூரத்துல தவறாம அந்த 20 சென்டிமீட்டருக்குள்ள போடுறீங்களோ அதுக்கு மேல மான் நின்னா விட்ருங்க. மானுக்குப் பின்னால மண்மேடு இல்லன்னாலும் விட்ருங்க, இந்தக் குண்டெல்லாம் தவறுனா கிலோமீட்டர் கணக்குல போகும்.