தோட்டத்துச் சடக்கில் கிராவல் சைக்கிள்: சுங்கை சிப்புட் பக்கம் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டைச் சுற்றி மண்சடக்குக்கு, அதாவது மண்சாலைக்கு, பஞ்சமே இல்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் எண்ணெய் எடுக்கும் செம்பனை, இடையிடையே கித்தா என்னும் ரப்பர் மரம். ஜாலோங், லாசா என்று உள்ளே போகப் போக தித்திவாங்சா மலையடிவாரக் காடு தொடங்கிவிடும். அகல டயரோடு மண்ணிலும் கல்லிலும் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்குத் தோதான ஊர்தான். ஆனால் இங்குள்ள சடக்குகளில் ஒன்றுகூட சைக்கிள் ஓட்டுவதற்காகப் போட்டதல்ல. செம்பனைக் குலை ஏற்றவும் கித்தாப்பால் கொண்டுபோகவும் மரம் இழுக்கவும் போட்டவை. வெளியூரிலிருந்து வந்து மாட்டிக்கொள்பவர்கள் அநேகமாக இதை மறந்துவிட்டு வருபவர்கள்தான்.

வரைபடத்தில் கோடு இருக்கிறதே!

செல்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தோட்டத்துக்குள் கணக்கில்லாமல் கோடுகள் ஓடும். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். இரண்டு நிரைக்கு ஒன்றாக அறுவடைப் பாதை விடுவார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அதுவும் சடக்காகத்தான் தெரியும். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய மேடைகளும் அப்படித்தான். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால், சரிவைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போய் ஏதாவது ஓர் ஓடையருகில் விட்டுவிடும். அதற்கு மேல் வழியில்லை. கீழே சடக்கு தெரிகிறதே, குறுக்கே இறங்கிவிடலாம் என்று சைக்கிளைத் தோளில் தூக்கினால், வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலுக்குள் முழங்கால் வரை புதையும். மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் முள் வேறு.

இன்னொரு சங்கதி மறுநடவு. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்துவிட்டுப் புதிதாக நடுவார்கள். அப்போது மேடையையும் சடக்கையும்கூட மாற்றி வெட்டுவதுண்டு. போன வருடம் நண்பர் ஓட்டிய பாதை என்று ஒரு ஜிபிஎஸ் கோப்பைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டு வருகிறீர்கள். இந்த வருடம் அந்த மலை மொட்டையாக நிற்கும், சடக்கு வேறு பக்கம் போயிருக்கும்.

நம்பத் தகுந்தது லோரி ஓடும் சடக்கு மட்டும்தான். அகலமாக இருக்கும், கல் கொட்டியிருப்பார்கள், இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும், எப்படியும் ஆபீசுக்கோ ஆலைக்கோ போய்ச் சேரும். உங்கள் பாதையின் முதுகெலும்பை அதில் போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கோடுகளை, திரும்பி வர நேரமும் தண்ணீரும் இருந்தால் மட்டும் தொட்டுப் பாருங்கள். உள்ளே போனால் பல இடங்களில் செல்பேசிக்கு லைன் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளாமல் வருவதற்கு மன்னிப்பே கிடையாது.

கேட்டைத் தாண்டிப் போவது

கேட் திறந்திருந்தால் போகலாம் என்று அர்த்தமில்லை. காலையில் லோரிக்காகத் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். நீங்கள் உள்ளே இருந்தால் உள்ளேதான். காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் நின்று பேசுங்கள். எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வெளியே வரப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அந்தக் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். செம்பனைக் குலைத் திருட்டு எல்லாத் தோட்டத்துக்கும் தலைவலி. அதனால் கேட்டுக்கு அடியில் சைக்கிளை நுழைத்துக்கொண்டு வரும் ஆளை அவர் சந்தேகப்படத்தான் செய்வார். இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழில் “அண்ணே” என்று ஆரம்பித்துப் பார்க்கலாம், மலாயில் முடிக்க வேண்டியிருக்கும்.

வனக் காப்பகத்துக்குள் நுழைவது வேறு கதை. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி மூடப்பட்ட வனப்பகுதிக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். சைக்கிளில் போனாலும் விதிவிலக்கு இல்லை. மேலே தெமியார் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தால் முதலில் ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குப் புறப்படுவது

ரொட்டி சானாய் எங்கும் ஓடிப்போகாது. 1982இல் கடிகாரத்தை முன்னால் தள்ளியதிலிருந்து நமக்கு ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. வெளிச்சம் வந்தவுடன் சைக்கிளில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் மலையேற்றத்தை முடித்துவிடலாம். ஒன்பதுக்குப் புறப்பட்டால் மொட்டை வெயிலில் ஏற்றம், மூன்று நான்கு மணிக்கு இடியோடு மழை, மழைக்குப் பின் செம்மண்ணில் இறக்கம். மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் சாயங்கால மழை கூடுதல். இளஞ்செம்பனை நட்ட மொட்டை மலையில் இடி பிடித்துக்கொண்டால் அங்கே உயரமாக நிற்பது நீங்கள்தான். வானம் கறுத்தவுடனே இறங்கிவிட வேண்டும்.

நேரக் கணக்கிலும் தவறு நடக்கும். தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவர், இங்கே 15 ஆவது வராதா என்று நினைப்பார். ஏற்றம், சேறு, ஓடை, வழி கேட்பது எல்லாம் சேர்ந்தால் 10 வந்தாலே நல்ல வேகம்.

செம்மண்ணைப் பற்றிக் கொஞ்சம்

காய்ந்த செம்மண் போல ஓட்டச் சுகமான தரை வேறில்லை. நனைந்தால் ஆளே மாறிவிடும். முதலில் மேலே ஒரு மெல்லிய வழவழப்பு. அப்போது இறக்கத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் கீழேதான். அடுத்த அரைமணியில் அது களியாகித் திரளும். டயரில் ஒட்டி, ஒரு சுற்றுக்கு ஒரு படலமாகக் கனத்து, போர்க்குக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றே போகும். அப்போது பெடலை அழுத்தி மிதிப்பதுதான் பெரிய தவறு. பின்னால் கியர் மாற்றும் கொக்கி வளைந்து ஸ்போக்கில் மாட்டினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. இறங்கி, ஒரு குச்சியால் மண்ணை வழித்துவிட்டு, சடக்கோரப் புல்லில் தள்ளிக்கொண்டு நடங்கள். புல் டயரையும் துடைத்துவிடும்.

இதனால்தான் டயர் அகலமாக இருப்பது மட்டும் போதாது என்கிறேன். 45 மில்லிமீட்டர் டயரைப் போட்டு, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு நெருக்கி வைத்திருந்தால் மழைநாளில் அது உதவாது. இங்கே 40 போட்டு இடைவெளி விடுவதே மேல்.

காற்றழுத்தத்திலும் ஈப்போ சாலைப் பழக்கம் விடாது. 60 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வந்து, கல் சடக்கில் கை மரத்துப்போய், சைக்கிளைக் குறை சொல்வார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயரில் 30 சுற்றி இருந்தால் போதும். டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் பலவும் கித்தாப்பால் கலந்தவைதான், பால் வெட்டின ஊருக்கே அது பாட்டிலில் திரும்பி வருகிறது! செம்பனை முள் குத்தினால் உடனே பிடுங்காதீர்கள். அடைக்கும் திரியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

பல்சக்கரம் பற்றி ஒரே வரி: முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இல்லாத சைக்கிளோடு இந்த மலைக்கு வராதீர்கள்.

லோரியும் பாலமும்

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், தாமதித்தால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் லோரி அவசரத்தில்தான் வரும், சில சமயம் ஞாயிற்றுக்கிழமையும் வரும். வளைவில் உள்பக்கத்தை வெட்டித் திரும்பும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இறங்குவது, இறக்கத்து வளைவில் நடுச்சடக்கைப் பிடிப்பது, இரண்டும் வேண்டாம். சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்று கையசைத்துவிடுங்கள். ஓட்டுநருக்கு அப்புறம் நீங்கள் தெரிந்த ஆள்.

ஓடைமேல் போடும் மரப்பாலங்களைக் கவனிக்க வேண்டும். லோரிச் சக்கரம் இரண்டும் போகிற அளவுக்கு நீளவாக்கில் கட்டையையோ பலகையையோ போட்டிருப்பார்கள். இரண்டு பலகைக்கு இடையே விடும் சந்து சைக்கிள் டயர் விழுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். மேலே பாசி. வேகமாகத் தாண்டுவது வீரமல்ல, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கித்தாக் காட்டில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிரும். சடக்கு அழகாகத்தான் இருக்கும், குழி மட்டும் தெரியாது.

யானை

லாசாவுக்கு மேல் காட்டோரத் தோட்டங்களுக்கு யானை வரும். இளஞ்செம்பனையின் குருத்து அதற்குப் பிடித்த தீனி. பிடுங்கிப் போட்ட கன்று, ஈரம் காயாத சாணம், சாய்ந்த வேலி தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். கிட்டே போய்ப் படம் எடுப்பது, மணியடித்து விரட்டப் பார்ப்பது எல்லாம் முட்டாள்தனம். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். யானைக்காகப் போட்ட மின்வேலியில் சைக்கிளைச் சாய்த்து வைக்கவும் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காட்டோரத்தில் இருக்கவே வேண்டாம், மரத்தடியில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்.

தண்ணீர்

பழைய வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே கடை இருக்கும் என்று நம்பி வருபவர்கள் உண்டு. ஒரு காலத்தில் இருந்தது. தொழிலாளர் லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாய், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடை என்று ஓர் ஊரே இருந்தது. சனங்கள் டவுனுக்கும் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் போய்விட்ட பிறகு பல இடங்களில் மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும்தான். திருவிழாவுக்கு மட்டும் ஆள் சேரும். கோயில் குழாயில் தண்ணீர் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மணிக்கு முக்கால் லிட்டர் என்று கணக்குப் போட்டு முழுவதையும் டவுனிலேயே நிரப்புங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் தலைசுற்றும், பார்மசியில் விற்கும் உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

கான் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் தொட வேண்டாம். புல்லெல்லாம் கருகிப் பழுப்பாகத் தெரிந்தால் அங்கே களைக்கொல்லி மருந்து அடித்திருக்கிறார்கள். மருந்து அடிக்காவிட்டாலும் எலி இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள் என்றால் எவ்வளவு எலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிராய்ப்பு வழியாக ஏறினாலே எலிக்காய்ச்சல் வரலாம். முட்டியில் அடிபட்டால் கொண்டுவந்த தண்ணீரில் கழுவி, மூடிக் கட்டுங்கள்.

கொசுவும் அப்படித்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை என்றாலும், குரங்கிடமிருந்து கொசு மூலம் வரும் வகை காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. ஓட்டிவிட்டு வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் தோட்டத்திலும் காட்டிலும் சுற்றியதை நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கிக்கு மட்டும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.