வண்டி மீட்டரும் ஹெல்மெட் ஹெட்செட்டும்: எதை எதனோடு இணைப்பது?

புதிய வண்டி பார்க்கப் போகிறவருக்கு ஷோரூமில் தரப்படும் வண்ணத்தாளில் ‘ப்ளூடூத் வசதி உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ஹெட்செட்டின் அட்டைப்பெட்டியிலும் அதே வரி இருக்கும். இரண்டிலும் ப்ளூடூத் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. நானும் அப்படித்தான் எண்ணினேன். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் ‘எந்த வண்டிக்கும் சேரும்’ என்று சொன்னதை நம்பி ஒரு ஹெட்செட்டை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு வண்டியின் மீட்டரில் அதன் பெயரைத் தேடினேன். பெயர் வரவே இல்லை. பழுது ஹெட்செட்டிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. என் வண்டியின் மீட்டர் எந்த ஹெட்செட்டோடும் நேரடியாக இணையும் வகையைச் சேர்ந்ததே அல்ல என்பதைத் தக்கலையில் ஒரு மெக்கானிக் சொன்ன பிறகே தெரிந்துகொண்டேன்.

ஆகவே, பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ‘ப்ளூடூத் உண்டா’ என்பது அல்ல. ஃபோனிலிருந்து புறப்படும் ஒலி வண்டியின் வழியாக ஹெல்மெட்டுக்கு வருகிறதா, வண்டியைத் தொடாமல் நேராக வருகிறதா என்பதே கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் ஒலி வண்டியின் வழியாக வருவதில்லை. 2018இல் வந்த டிவிஎஸ் என்டார்க் 125 ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீட்டர், ஃபோனில் உள்ள செயலியோடு இணைந்து, யார் அழைக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு தூரத்தில் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டும். 2020இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 வண்டியோடு வந்த ட்ரிப்பர் என்னும் சிறு வட்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இவற்றுக்குச் செல்வது ஓர் அம்புக்குறி, ஓர் எண், ஒரு பெயர் ஆகிய சிறு தகவல்கள் மட்டுமே. பழைய காலத்துத் தந்தியைப் போல, செய்தி போகும், குரல் போகாது. குரலைச் சுமக்கும் ஏற்பாடு அந்த மீட்டருக்குள் வைக்கப்படவே இல்லை. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் ஹெட்செட்டை ஃபோனோடு மட்டும் இணைக்க வேண்டும். ஃபோன் ஒரே நேரத்தில் ஒரு கையால் மீட்டரையும் மறு கையால் ஹெட்செட்டையும் பிடித்துக்கொள்ளும். இந்த வகையில் ஹெட்செட் எந்த நிறுவனத்துடையது என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாம் வகை வண்டிகளில் மீட்டரே நடுவில் நிற்கும். பிஎம்டபிள்யூவின் வண்ணத் திரை கொண்ட பெரிய வண்டிகளில் ஃபோனும் வண்டியோடு இணையும், ஹெட்செட்டும் வண்டியோடு இணையும். பாட்டும் பேச்சும் வண்டியைக் கடந்தே காதுக்கு வரும். ஐஃபோனின் வரைபடத்தையும் பாட்டையும் வண்டியின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே முதன்முதலில் வந்த மோட்டார் சைக்கிளான 2018ஆம் ஆண்டு ஹோண்டா கோல்ட் விங்கிலும், 6.5 அங்குலத் தொடுதிரையோடு 2020இல் வந்த ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின்னிலும் ஹெட்செட் இணையாவிட்டால் கார்ப்ளே திரை விழிக்கவே விழிக்காது. திரையில் கோளாறு என்று எண்ணி சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன், ஹெல்மெட்டில் உள்ள ஹெட்செட் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வண்டி எந்த வகை என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மீட்டரின் அமைப்புப் பட்டியலைத் திறந்து ப்ளூடூத் பகுதிக்குள் செல்லுங்கள். அங்கே ஃபோன் என்பதோடு ஹெட்செட், ரைடர் ஹெல்மெட், பாசஞ்சர் ஹெல்மெட் போன்ற தனி வரிகள் இருந்தால் அது இரண்டாம் வகை. ஃபோன் என்னும் ஒரே வரிதான் இருக்கிறது, அல்லது அப்படி ஒரு பட்டியலே இல்லாமல் எல்லாம் செயலிக்குள்தான் நடக்கிறது என்றால் அது முதல் வகை. ஷோரூமில் விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்புவதைவிட, காட்சிக்கு நிற்கும் வண்டியில் சாவியைப் போடச் சொல்லி நீங்களே இதைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இனி இணைக்கும் முறை. தக்கலை மெக்கானிக் என்னிடம் முதலில் சொன்னது, “மக்கா, இருக்கிறதையெல்லாம் அழிச்சுட்டு வா” என்பதுதான். அது மிகச் சரியான அறிவுரை. ஃபோனின் ப்ளூடூத் பட்டியலில் வண்டியின் பெயரையும் ஹெட்செட்டின் பெயரையும் நீக்கிவிடுங்கள். மீட்டரிலும் பழைய ஃபோன்களை நீக்குங்கள். ஹெட்செட்டை அதன் கையேட்டில் சொன்னபடி, புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்கு மீட்டெடுங்கள். அரைகுறையாக நினைவில் கிடக்கும் பழைய இணைப்பே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வீட்டில் வேறு யாருடைய ஃபோனாவது முன்பு அந்த ஹெட்செட்டோடு இணைந்திருந்தால் அதன் ப்ளூடூத்தையும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் முற்றத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது ஹெட்செட் அடுக்களையில் இருக்கும் ஃபோனோடு சேர்ந்துகொள்ளும்.

முதல் வகை வண்டியானால், ஹெட்செட்டை ஃபோனின் ப்ளூடூத் அமைப்பிலிருந்து இணைத்து, ஓர் அழைப்பு செய்து பார்த்த பிறகு, வண்டியை அதன் செயலிக்குள்ளிருந்து இணையுங்கள். இரண்டாம் வகையானால், ஹெட்செட்டை முதலில் வண்டியோடும், அதன் பிறகு ஃபோனை வண்டியோடும் இணையுங்கள். ஹெட்செட்டை ஃபோனோடு நேரடியாக இணைக்காதீர்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஹெட்செட் ஃபோனையும் பிடித்துக்கொண்டு, வண்டியையும் பிடித்துக்கொண்டு, வண்டியும் அதே ஃபோனைப் பிடித்துக்கொண்டால் ஒரே அழைப்பு இரண்டு பாதையில் வர முயலும். மணி அடிக்கும், எடுத்தால் குரல் இருக்காது. சேனா, கார்டோ போன்ற நிறுவனங்களின் இன்டர்காம்களில், அதாவது ஓட்டுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் உதவும் ஹெட்செட்டுகளில், இரண்டாவது ஃபோனுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஹெட்செட்டை எப்படியும் ஃபோனோடு நேரடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள், வண்டியை அந்த இரண்டாவது இடத்தில் இணைத்துப் பார்க்கலாம். சேனாவில் பேச்சை மட்டும் ஒரு கருவியிலிருந்தும் பாட்டை மட்டும் மற்றொன்றிலிருந்தும் பெறும்படி பிரித்து இணைக்கவும் வழி உண்டு.

பேச்சையும் பாட்டையும் பிரிக்க முடிவது ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் பழுதைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். ப்ளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி நடைமுறை உண்டு. தொலைபேசிப் பேச்சுக்கு எச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, அடுத்த பாட்டுக்குப் போ, நிறுத்து என்று பொத்தானால் கட்டளையிட ஏவிஆர்சிபி. இரு கருவிகளும் ஒரே நடைமுறையை அறிந்திருந்தால்தான் அந்த வேலை நடக்கும். பெட்டியில் ப்ளூடூத் 5.0 என்றோ 5.3 என்றோ அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. எண் பெரிதானாலும் வேண்டிய நடைமுறை இல்லையென்றால் பயனில்லை. அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் ஏ2டிபி இணைப்பு வேறு எங்கோ போய்விட்டது என்று பொருள். பாட்டு வருகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் மங்கிக் கேட்கிறது என்றால், அது பேச்சுக்கான பாதையில் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாதை குறுகலானது, குரலைக் கடத்தப் போதும், வயலினைக் கடத்தப் போதாது. ஏதோ ஒரு செயலி அழைப்பு நிலையை மூடாமல் வைத்திருக்கும். அதை மூடினால் பாட்டு தெளிந்துவிடும்.

இணைப்பு சரியாக இருந்தும் மீட்டரில் பெயரோ அம்புக்குறியோ வரவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் ஃபோன்தான். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும், துல்லிய இருப்பிட அனுமதியும், ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியும் வேண்டும். பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லித் திரை அணைந்தவுடன் செயலியைக் கொன்றுவிடும் ஃபோன்களும் உண்டு. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து வண்டியின் செயலிக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். ஐஃபோனில் ப்ளூடூத் பட்டியலில் வண்டியின் பெயருக்கு அருகிலுள்ள குறியைத் தொட்டு, அறிவிப்புகளைப் பகிரும் பொத்தானை ஆன் செய்ய வேண்டும்.

வழிகாட்டலைப் பற்றிச் சில சொற்கள். கூகுள் மேப்ஸில் குரல் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம். ப்ளூடூத் வழியாகக் குரலை ஒலிக்கச் செய்யும் அமைப்பும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் குரலையும் அம்பையும் கண்மூடி நம்பாதீர்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒருமுறை சென்று பார்த்தால் புரியும். பாலம் மேலே, பழைய சாலை நேர் கீழே. வானத்திலிருந்து பார்க்கும் ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டும் ஒரே கோடு. பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருக்கும்போது மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொல்லி அம்பு மின்னும், காதில் குரலும் சொல்லும். இடப்பக்கம் இருப்பதோ கைப்பிடிச் சுவர். இறங்கிச் சிறிது தூரம் போனதும் வழியைத் தானே திருத்திக்கொள்ளும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மலையேறுகிறவர்கள் நாகர்கோவிலிலேயே மாவட்ட வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் சிக்னல் போனாலும் அம்பு நிற்காது. 2023 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போல முழு வரைபடத்தையே மீட்டரில் காட்டும் வண்டிகளில் ஃபோனின் பேட்டரி வேகமாக இறங்கும், ஆகவே சார்ஜ் கேபிளைக் கையில் வைத்திருங்கள்.

எல்லாம் இணைந்த பிறகும் ‘சத்தமே கேட்கவில்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில்தான். காதுத் துளைக்கும் ஸ்பீக்கரின் மையத்துக்கும் இடையே சற்று விலகினாலே ஒலி வெகுவாகக் குறைந்துவிடும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு, ஹெல்மெட்டைக் கையால் மேலும் கீழும் முன்னும் பின்னும் சற்று நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தும்போது ஒலி கூடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்பீக்கரைத் தள்ளி ஒட்ட வேண்டும் என்று சிலர் எண்ணுவார்கள், அது தவறு. ஹெல்மெட் போன திசையிலேயே ஸ்பீக்கரும் போக வேண்டும், ஏனெனில் காது அசையவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் பள்ளம் ஆழமாக இருந்தால் மெத்தைத் துண்டு வைத்து முன்னால் கொண்டுவரலாம், ஆனால் காதை அழுத்தும் அளவுக்கு அல்ல. முழு முகத்தை மூடும் ஹெல்மெட்டுக்கு ஒட்டும் மைக்கும், முன்புறம் திறந்ததற்குக் கம்பி மைக்கும் ஏற்றவை. மைக்கின் மேல் இருக்கும் பஞ்சு உறையைத் தொலைத்துவிடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது அந்தப் பஞ்சின் அருமை எதிர்முனையில் பேசுபவருக்குத் தெரியும். அந்தக் காற்றில் அறுபதுக்கு மேல் போனால் எந்த மைக்கும் தோற்கும் என்பது என் அனுபவம்.

ஸ்பீக்கருக்காக ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் பகுதியைச் செதுக்கவோ வெளி ஓட்டைத் துளைக்கவோ கூடாது. தலையைக் காப்பவை அவையே. 2021 ஜூன் 1 முதல் ஹெல்மெட்டுகளுக்கான ஐஎஸ் 4151 என்னும் இந்தியத் தரப்படி ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட்டுகளை மட்டுமே இந்தியாவில் விற்க முடியும். காதுப் பகுதியில் ஸ்பீக்கருக்குப் பள்ளம் விட்டே வரும் ஹெல்மெட்டுகள் அவற்றில் பல உண்டு. காதுக்குள் செருகும் இயர்ஃபோனை ஹெல்மெட்டுக்குள் போட்டு ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் காதில் விழ வேண்டும். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரியது, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இரண்டு மழைக்காலமும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. தூசும் நீரும் புகாததைக் குறிக்கும் ஐபி67 தரம் உள்ள ஹெட்செட்டாகப் பார்த்து வாங்கினாலும், சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருந்தால்தான் அந்தத் தரம் செல்லும். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் மழையைவிட உப்புக் காற்றுக்கு அஞ்ச வேண்டும். ஹெல்மெட்டோடு ஹெட்செட்டை இணைக்கும் செப்பு முனைகளில் பச்சை படிந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்கும். வாரம் ஒருமுறை கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, இரவு வண்டியின் மேல் விடாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.