‘கமோடியஸ்’: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

பழைய ஆங்கில விளம்பரங்களில் வீட்டுக்கும் அறைக்கும் ‘கமோடியஸ்’ (commodious) என்று போட்டிருப்பார்கள். அதைக் கையாளும் முறை இது.

படி 1: வாயில் சரியாக வரட்டும். க-மோ-டி-யஸ். அழுத்தம் ‘மோ’வில், நெடிலாக. ‘கமாடிட்டி’ சொல்லிப் பழகிய நாக்கு ‘கமாடியஸ்’ என்று ஓடும், விடாதீர்கள்.

படி 2: பொருள். சறுக்குவது இங்கேதான். மொபைல் அகராதிகள் பல ‘விசாலமான’ என்று சொல்லிக் கடையைச் சாத்திவிடும். எனக்கு அவை ஆகாது. மெரியம்-வெப்ஸ்டர் ஆங்கில அகராதியைத் திறங்கள், இடமும் சௌகரியமும் சேர்ந்தே இருக்கும். லத்தீனில் ‘கமோடஸ்’ என்றால் தோதான, வசதியான. ஆங்கிலத்திலும் முதலில் அதே பொருள்தான். தாராளமான இடம் என்பது பிறகு ஏறிக்கொண்டது. அதனால் பெரிசாக இருந்தால் போதாது, புழங்கவும் தோதுப்பட வேண்டும். தனுஷ்கோடி மணல்வெளி எவ்வளவு பரந்து கிடக்கிறது, ஆனால் கமோடியஸ் இல்லை. கீழக்கரையில் முற்றம் வைத்த பழைய வீடு, விருந்தாளிகள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த பிறகும் அடுப்படிக்குப் போக வழி இருக்கிறதா? அது கமோடியஸ்.

துறைமுகத்துக்கும் இதைப் போடுவதுண்டு: கப்பல்கள் நெருக்கடி இல்லாமல் பத்திரமாக நிற்கலாம் என்று பொருள். நம் பாக் விரிகுடா அகலம்தான், ஆழம் கிடையாது. பெரிய கப்பலுக்கு அந்தச் சொல் அங்கே பொருந்தாது.

படி 3: ‘கபேஷியஸ்’ (capacious) வேறு. அது கொள்ளளவு. விசைப்படகில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் அறை, பை, சட்டைப்பை, ஞாபகசக்தி எல்லாம் இந்தக் கணக்கு. ஆள் புழங்கும் இடமா, கமோடியஸ்.

படி 4: இடம் பார்த்துப் போடுங்கள். கொஞ்சம் கஞ்சி போட்ட சொல் இது. ராமேஸ்வரம் லாட்ஜ்காரர் வாட்ஸ்அப்பில் அறைப் படம் அனுப்பும்போது ‘ஸ்பேஷியஸ்’ போதும். கதையிலோ, பழைய பங்களா பற்றிய கட்டுரையிலோ இது அழகாக உட்காரும்.

பின்சேர்க்கை: ‘கமோட்’டுக்கும் இதற்கும் சம்பந்தமா என்று கேட்கிறார்கள். ஆமாம், ஒரே வேர். பிரெஞ்சில் ‘வசதியான’ என்றிருந்த சொல் இழுப்பறை மேசைக்குப் பெயராகி, அப்புறம் மலச்சட்டியை மறைத்து வைத்த நாற்காலிக்குப் போய், கடைசியில் கழிப்பறைப் பீங்கானில் வந்து நின்றது. ஆகவே பாத்ரூமை வர்ணிக்கும் வரியில் மட்டும் கமோடியஸ் வேண்டாம்.