மாமியாரையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு டிசம்பரில் பூந்தோட்டம் போக

டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை தி பே) போவது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து பேரில் மெதுவாக நடப்பவர் மாமியார், சீக்கிரம் சலித்துக்கொள்பவன் சின்னவன். இவர்கள் இருவரையும் வைத்துத் திட்டம் போட்டால் மற்றவர்கள் தானாகச் சரியாகிவிடுவார்கள்.

வார நாளாகப் பாருங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்குங்கள். உள்ளூர்வாசிக் கட்டணம் குறைவு, ஆனால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உட்லண்ட்ஸிலிருந்து எங்களுக்கு ஒரே ரயில், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதை. மாறி ஏற வேண்டாம் என்பதே மாமியாருக்குப் பாதி நிம்மதி.

மதியச் சாப்பாடும் குட்டித் தூக்கமும் முடித்து, 4 மணி வாக்கில் அங்கிருக்கும் குளிரூட்டிய கண்ணாடிக் கூடமான ஃபிளவர் டோமுக்குள் நுழையுங்கள். டிசம்பர் மழைக்காலம்; கொட்டினாலும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கவலை இல்லை. உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். "இது என்ன குளிர்" என்று முதல் வருடம் மாமியார் சால்வையை வீட்டிலேயே விட்டுவிட்டார். முக்கால் மணி நேரத்தில் என் துப்பட்டா அவர் தோளில் இருந்தது. இப்போது சால்வை என் பையில், கேட்காமலேயே.

கிறிஸ்மஸ் அலங்காரத்தில் சிவப்பாக நிற்பது பெரும்பாலும் பாயின்செட்டியா, மெக்சிகோச் செடி. ஓடிக்கொண்டே இருந்த சின்னவனைக் குனியச் சொன்னேன். சிவப்பெல்லாம் இலைதான், பூ எது என்று கண்டுபிடி என்றேன். நடுவில் மிளகு அளவில் மஞ்சளாய் இருந்த மொக்கைக் காட்டியவன், அப்புறம் ஒவ்வொரு செடியாக நின்று பார்த்தான். அரை மணி நேரம் எங்களுக்கு ஓய்வு.

7:45 மணிக்கு, மரம் போன்ற உயரமான கோபுரங்கள் நிற்கும் சூப்பர்ட்ரீ தோப்பில் ஒளியிசைக் காட்சி, வழக்கமாக இலவசம். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். கடைசி நிமிடத்தில் வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடியிலும் கைப்பேசி லென்ஸிலும் ஆவி படர்ந்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் வெளியே இருக்கும் ஈரக்காற்று படிவதால் வருவது. துடைத்தால் மறுபடியும் மங்கும். 7:15-க்கே வெளியே வந்து, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். அந்த நேரத்தில் கொண்டுபோன புளிச்சோற்றையும் முடித்துவிடலாம். தரையில் ஒரு பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது. மழை வந்தால் பாயை மடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

காட்சி முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். கூட்டம் மொத்தமும் ரயிலுக்குத்தான் போகும். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் லிஃப்டில் இடம் கிடைக்கும். பிள்ளைகள் அடம்பிடித்தால் 8:45-க்கு இன்னொரு காட்சி உண்டு.

அங்கேயே நடக்கும் கிறிஸ்மஸ் ஒண்டர்லேண்டு விழாவுக்குத் தனி டிக்கெட். நாங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் போகிறோம். கூட்டத்தில் மாமியாருக்கு உட்கார இடம் தேடியே என் மாலை போய்விடுகிறது.

செலவே வேண்டாம் என்றால் பூமலைக்குப் போங்கள். தாவரவியல் பூந்தோட்டம் என்று பேரப்பிள்ளைகள் சொன்னாலும் மாமியாருக்கு அது இன்றும் பூமலைதான். 1859-இல் தொடங்கியது, காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக்குக் காசு இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட், அதிலும் 12 வயதுக்குக் கீழே இலவசம். அங்கே சால்வை தேவையில்லை, குடை கட்டாயம்.