பெங்களூரில் கொடுத்த வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலைக்காகப் பெங்களூர் வருகிறவர்கள் வாடகையைக் கேட்டுக்கூட மலைப்பதில்லை, அட்வான்ஸைக் கேட்டுத்தான் மலைக்கிறார்கள். பத்து மாத வாடகை என்பது இங்கே பழைய வழக்கம். இப்போது ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிற ஓனர்களும் இருக்கிறார்கள், ஆனாலும் நகையை அடகு வைத்துத்தான் பலர் அந்தப் பணத்தைப் புரட்டுகிறார்கள். அது நம் பணம், ஓனரிடம் இருப்பது வெறும் பொறுப்புதான்.

அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் நான்கு வருடம் இருந்த வீட்டுக்கு 14,000 வாடகை, 1,40,000 அட்வான்ஸ். காலி செய்த அன்று ஓனர் ஹாலுக்கு வந்து, சாமி படம் மாட்டியிருந்த ஆணித் துளையில் சுண்டு விரலை வைத்துப் பார்த்தார். "இதுக்கே சுவர் பூரா பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கணும்" என்றார். அப்புறம் குழாய், கதவுத் தாழ்ப்பாள் என்று போய் 52,000 பிடித்தம் சொன்னார். சரி, மிச்சத்தையாவது கொடுங்கள் என்றால் கன்னடத்தில் "நாளே பன்னி", அதாவது நாளைக்கு வாங்க என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம். அதிலிருந்து ஐந்து மாதம் அலைந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

பணம் கொடுக்கும்போதே ஜாக்கிரதை வேண்டும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கிலோ யுபிஐயிலோ, ஓனர் பெயரில் இருக்கும் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கோ மச்சான் கணக்குக்கோ வேண்டாம். அக்ரிமென்டில் தொகையோடு பரிவர்த்தனை எண்ணும் வர வேண்டும். இங்கே எல்லாரும் 11 மாதத்துக்கு எழுதுவதற்குக் காரணம், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதுதான். 11 மாதம் முடிந்தால் புதுசாக எழுதி வாங்குங்கள், பழைய தாளே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

அக்ரிமென்டில் நான் விடாமல் கேட்பது இரண்டே வரி. ஒன்று, வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே அட்வான்ஸ் திரும்பும் என்பது. இரண்டு, பெயின்டுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ரூபாயில் ஒரு தொகை. ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது இங்கே சாதாரணம், ஆனால் அது ஊர் வழக்கம்தான், எழுதாவிட்டால் அது மூன்று மாதமாகவும் வளரும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவுப்படி, வீட்டை வாங்கியபடி திருப்பித் தருவது குடியிருப்பவரின் கடமை, ஆனால் நியாயமான புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு குறையும், அதனால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்று இருக்கிறது. மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அது ஓனரைக் கட்டும், ஆகையால் பேரம் பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லீஸுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊரில் ஒத்தி என்போமே, அதே மாதிரி, மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து இரண்டு மூன்று வருடம் இருப்பது. பணம் பெரிது, ஆபத்தும் பெரிது. கேட்கிறவர் உண்மையில் ஓனர்தானா, இல்லை தானே வாடகைக்கு எடுத்துக்கொண்டு நம்மிடம் லீஸ் பணம் வாங்கப் பார்க்கிறவரா என்று வரி ரசீதையும் பத்திரத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, வீடு அடமானத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதியாத லீஸுக்குக் கண்டிப்பாகப் பணம் கொடுக்காதீர்கள், செலவு ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

குடியேறுகிற அன்று சாமான் இறங்குவதற்கு முன்னால் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். சுவர், குழாயடி, கதவின் பின்புறம், பெஸ்காம் கரன்ட் மீட்டர் எண் எல்லாம் வரட்டும். எடுத்ததை அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் தேதியும் பதிந்துவிடும். காலி செய்கிறபோது அக்ரிமென்டில் சொன்ன நோட்டீஸ் காலத்தை எழுத்தில் கொடுங்கள். கடைசி நாள் ஓனரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கணக்குக்கு வந்த பிறகு சாவி கொடுப்பதுதான் என் யோசனை. கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஓனர் சம்மதித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், நீங்களாக வாடகையை நிறுத்தினால் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள்.

இவ்வளவு செய்தும் தரவில்லையென்றால், முதலில் தொகை, தேதி, 15 நாள் கெடு போட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். பிறகுதான் பலருக்குத் தெரியாத வழி வருகிறது, இலவசச் சட்ட உதவி தருகிற அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாநில அலுவலகம் சித்தய்யா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது, 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாற்றுத்திறனாளிகளும் தொழிலாளர்களும் குறைந்த வருமானக்காரர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். எங்கள் வீட்டில் அக்ரிமென்ட் என் மனைவி பெயரில் இருந்ததால் அவரே மனு எழுதினார்.

வழக்குப் போடுவதற்கு முன்பே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள். அந்த மேஜையில்தான் மனைவி தன் போனிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். குடியேறிய அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னால் அம்மாவுக்கு அனுப்பியது, வெற்று ஹால், சுவரில் அதே இடத்தில் துருப்பிடித்த ஆணி. ஓனர் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மாத வாடகை கழித்து 1,26,000 தருவதாக ஒப்புக்கொண்டார். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இப்படி எழுதப்படும் தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, கோர்ட் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் தீர்வு. ஓனர் மசியவில்லையென்றால் சிவில் வழக்குதான், பணம் திரும்ப வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

போலீஸுக்குப் போனால் அட்வான்ஸ் விஷயம் சிவில் என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். மிரட்டினால், சாமானை வெளியே எறிந்தால் அது வேறு, உடனே 112-க்கு அழையுங்கள். எஃப்ஐஆர் பதிந்தால் அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். கோர்ட் உத்தரவில்லாமல் வெளியே தள்ளிப் பூட்டினால் வீட்டைத் திரும்பப் பெற ஆறு மாதத்துக்குள் தனியாக வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் (Specific Relief Act) வழி இருக்கிறது, அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.