பீரியட்ஸ் குழம்பினா உடன கைமருந்தைத் துடங்காதேங்கோ

என்ர சித்தியின்ர மகளுக்கு 19 வயசில பீரியட்ஸ் குழம்பிச்சுது, முதல் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. அம்மம்மா வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தா, சித்தி யூரியூப் பாத்து கழற்சிக்காய்ப் பவுடர் எடுப்பிச்சா, 8 மாசம் அந்தக் கைப்பு மருந்தை அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சாள். கடைசியில ரத்தம் சோதிச்சுப் பாத்தா தைரொயிட் குறைவு. குளிசை துடங்கினாப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. அந்த 8 மாசத்தை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கேக்குதில்லை.

காரணம் தெரியாம மருந்து குடிக்கிறதுதான் பெரிய பிழை. தைரொயிட், பீசீஓஎஸ் (ஓமோன் குழம்பி முட்டை ஒழுங்கா வெளிவராத சூலகப் பிரச்சினை), பால் சுரக்க வைக்கிற புரோலக்ரின் ஓமோன் கூடினது, நிறை திடீரெண்டு குறைஞ்சது, ஏ.எல். சோதினை யோசினை, 45 தாண்டினா மாதவிடாய் நிக்கப்போற காலம் எண்டு எத்தினையோ இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கசாயம் எப்பிடிச் சரிவரும்?

சிலபேர் குழப்பமே இல்லாததுக்கும் மருந்து குடுக்கினம். வளந்த பெண்ணுக்கு 21 நாளில இருந்து 35 நாள் வரைக்கும் சாதாரணம், சாமத்தியப்பட்டு முதல் ரெண்டு மூண்டு வருசம் 45 நாள் வரைக்கும் போகலாம். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தாராளமாக் குடுங்கோ, நல்ல சாப்பாடு, ஆனா அது பீரியட்ஸை ஒழுங்காக்கும் எண்டு நம்பி இருக்காதேங்கோ.

"நான் குடிச்சனான், எனக்கு வந்தது" எண்டு சொல்லுறவை பொய் சொல்லேல்லை. ஆனா குழம்பின பீரியட்ஸ் எண்டாலும் எப்பவோ ஒருநாள் தானா வரத்தானே செய்யும், வாறதுக்கு முதல் வாரம் எதைக் குடிச்சமோ அதுக்குப் பேர் போயிடுது. அதுக்காகத்தான் ஆய்வில ஒரு பகுதிக்கு மருந்தும் மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் குடுத்து ஒப்பிடுறது. கறுவாவுக்கு அப்பிடி ஒண்டு நியூயோர்க்கில செய்து 2014இல வெளிவந்தது, பீசீஓஎஸ் உள்ள 45 பெண்கள், ஒரு நாளைக்கு 1.5 கிராம். கறுவா எடுத்தவைக்குக் கூடின தடவை பீரியட்ஸ் வந்தது உண்மை, ஆனா 6 மாசமும் முழுசா முடிச்சது 17 பேர்தான். நம்பிக்கை தாற சின்ன ஆய்வு, அவ்வளவுதான். கறுவா எண்டா எங்கட இலங்கைக் கறுவாவைப் பாவியுங்கோ, தடிச்ச பட்டையா வாற கசியா எண்ட மற்றக் கறுவாவில கூமரின் எண்ட பொருள் அதிகம், நாள்பட எடுத்தா ஈரலுக்குக் கூடாது.

இன்னொரு பிழை, ஒரு செடியின்ர ஆய்வை இன்னொரு செடிக்குச் சொல்லுறது. பீரியட்ஸுக்கு முதல் வாற மார்பு நோவு, எரிஞ்சு விழுறதுக்கு ஐரோப்பாவில ஆய்வு செய்து பாத்த வைட்டெக்ஸ் எண்ட செடி வேற, எங்கட வேலியில நிக்கிற நொச்சி அதின்ர சொந்தக்காரச் செடி மட்டும்தான். இஞ்சியும் அப்பிடித்தான், பீரியட்ஸ் வயித்துக்குத்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, பிந்திறதுக்கு இல்லை.

கலியாணம் கட்டின பிள்ளையள் பிந்தினவுடன பப்பாசிக்காய், கற்றாழை எண்டு போகமுதல் கர்ப்பமோ எண்டு யூரின் டெஸ்ட் செய்து பாருங்கோ, தயவுசெய்து. பிந்தி, கொஞ்சம் ரத்தம் பட்டு, அடிவயித்தில ஒரு பக்கம் குத்தினா குழாயில கரு தங்கியிருக்கலாம், உடன ஆஸ்பத்திரி.

லேபிள் இல்லாத பக்கற்றில வாற செந்தூரம், பற்பம், சூரணம் வாங்காதேங்கோ. 2008இல அமெரிக்காவில இன்ரநெற்றால வாங்கின 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதிச்சதில கிட்டத்தட்ட அஞ்சில ஒண்டில ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. சித்த மருத்துவம்தான் வேணுமெண்டா யாழ்ப்பாணம் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில படிச்ச வைத்தியர்மார் இருக்கினம், அவையிட்டப் போங்கோ, குடிக்கிற இங்கிலிஷ் மருந்தையும் மறைக்காமச் சொல்லுங்கோ. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவை வெந்தயத்தைக் கூட எடுத்தா சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையலாம்.

3 மாசம் வரேல்லையோ, 7 நாளுக்கு மேல போகுதோ, மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனையுதோ, வயசு போய் பீரியட்ஸ் நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு திரும்ப ரத்தம் பட்டுதோ, கைமருந்தை விட்டிட்டு டொக்டரிட்டப் போங்கோ. பீசீஓஎஸில கனகாலம் வராமலே இருந்தா கருப்பை உள்தோல் தடிச்சு, பிறகு புற்றுநோய் வரைக்கும் போகலாம். ஆரிட்டப் போறதெண்டு தெரியாட்டி உங்கட பகுதி குடும்பநல உத்தியோகத்தரிட்ட (மிட்வைஃப்) கேளுங்கோ, காசில்லை. போகேக்க கடைசியா வந்த நாலைஞ்சு திகதியைக் கலண்டரில குறிச்சுக்கொண்டு போங்கோ, அங்க முதல் கேக்கிறது அதைத்தான்.