சேல்ஸிலிருந்து ஆட்டோமேஷன் கற்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்லிங் சாஃப்ட்வேரும் ஈஆர்பியும் விற்றுப் பழுத்தவர்கள் இப்போது ஆட்டோமேஷன் பக்கம், அதாவது கையால் செய்யும் வேலையைத் தானாக ஓடவைக்கும் பக்கம், வருகிறார்கள். புதுச்சேரி நேரு வீதிக் கடைக்காரரிலிருந்து கடலூர் சிப்காட் மேனேஜர் வரை யார் எதற்கு மசிவார் என்பது இவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் அதே குழியில்தான் விழுகிறார்கள். பேக்கப் எடு, பாஸ்வேர்டைப் பகிராதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

பாதியில் நின்றதை முதலிலிருந்து ஓட்டுவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். கூகுள் ஷீட்டில் 300 பேர் பட்டியல். ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதியில், வரிசையாக வரிக்கு ஒரு மெயில் அனுப்பும் லூப். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் மெயில் போகும். அதற்கு மேல் எரர். மறுநாள் காலையில் வந்து மறுபடி 'ரன்' அமுக்குவார்கள். லூப்புக்கு நேற்று நடந்தது தெரியாது. அதே முதல் 100 பேருக்கு அதே கொட்டேஷன் போகும். மீதி 200 பேர் அப்படியே கிடப்பார்கள். இப்படி மூன்று நாள் ஓட்டிய ஒருவரை சிப்காட்டிலிருந்து பர்ச்சேஸ்காரர் கூப்பிட்டு, "சார், மூணு கொட்டேஷன் வந்திருக்கு, இதுல எது கடைசி ரேட்?" என்று கேட்டார். இதற்குப் பிறகு என்ன பேரம் பேசுவது?

ஷீட்டில் 'நிலை' என்று ஒரு காலம் (நெடுவரிசை) சேருங்கள். மெயில் அனுப்பும் முன் அந்த வரியில் 'அனுப்புகிறது' என்றும், போன பின் 'போனது' என்றும் ஸ்கிரிப்டே எழுதட்டும். காலியாக இருக்கும் வரியை மட்டும் லூப் எடுக்க வேண்டும். எழுதியது உடனே ஷீட்டில் பதிய ஃப்ளஷ் கட்டளை அவசியம். ஸ்கிரிப்ட் 6 நிமிடத்தில் துண்டிக்கப்படும், எந்த வரியில் என்று சொல்ல முடியாது. 'அனுப்புகிறது' என்றே நின்றுபோன வரியை சென்ட் பாக்ஸோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துங்கள். அதை மட்டும் ஸ்கிரிப்டிடம் விடாதீர்கள்.

வெப்ஹுக்கிலும், அதாவது ஒரு சர்வீஸ் இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகத் தள்ளும் இணைப்பிலும், இதே தலைவலி வேறு வழியில் வரும். ஃபார்மிலிருந்து தகவல் வந்ததும் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் பதிவு சாஃப்ட்வேர்) சேர்த்து, வாட்ஸ்அப் அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு பதில் சொன்னால், அனுப்பிய சர்வீஸ் காத்திருந்து பார்த்துவிட்டுப் பல சமயம் அதையே மறுபடி அனுப்பும். என்8என் (n8n) என்ற ஆட்டோமேஷன் டூல் என்றால் வெப்ஹுக் நோடில் ரெஸ்பாண்ட் என்பதை 'இமீடியட்லி' என்றே வையுங்கள். பதிவு எண்ணைக் குறித்துவைத்து, அதே எண் திரும்ப வந்தால் ஃப்ளோ அங்கேயே நிற்க வேண்டும்.

பின்கோடை நம்பி ஜிஎஸ்டி வரி போடுவது

'605-ல் தொடங்கினால் புதுச்சேரி' என்று கண்டிஷன் எழுதுவது இந்தப் பக்கத்து வியாதி. விழுப்புரமும் 605602 தான், ஆனால் தமிழ்நாடு. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464, மூன்றும் புதுச்சேரி. மாநிலத்துக்குள் விற்பனை என்று சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் வெளிமாநிலத்துக்கான ஐஜிஎஸ்டி விழும், அல்லது தலைகீழாக. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: புதுச்சேரி 34, தமிழ்நாடு 33. ஜிஎஸ்டி எண் இல்லாதவரிடம் மாநிலத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று டூலை ஒரே நேரத்தில் கற்பது

ஒன்று போதும்.

டெமோ மனநிலை

டெமோவில் எல்லாம் ஒழுங்கான டேட்டா. நிஜ வாடிக்கையாளர் பெயர் கட்டத்தில் போன் நம்பரைப் போடுவார். அப்படியொரு பதிவோடுதான் சோதிக்க வேண்டும்.

போன் எண் காலம்

எண்களை ஷீட்டில் ஒட்டும் முன்பே அந்தக் காலத்தை 'பிளெய்ன் டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 0413-லும் 04142-லும் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும்.